திருப்பி அடியாத வீரர் ஜாக்கி ராபின்சன்

ஆடுகளத்தில் வலிமையும் விரைவும் காட்டிப் புகழ் பெற்றோர் உலகில் பலர். அவர்களுடைய பெருமை அவர்கள் எடுத்த ஓட்டங்களாலும் வென்ற பரிசுகளாலும் அளக்கப்படும். ஒரு சிலருடைய வாழ்க்கையிலோ, எண்களால் அளக்க இயலாத வெற்றி ஒன்று மறைந்து நிற்கும். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சன் அத்தகையோருள் ஒருவர். அவருக்குக் கைவன்மை இருந்தது, கால்விரைவு இருந்தது, அநீதியைக் கண்டால் கொதித்தெழும் நெஞ்சமும் இருந்தது. அந்நெஞ்சத்தைத் தம் ஆணைக்குள் அடக்கி, இழிமொழிகளின் நடுவே ஆடிக் காட்டி, அறுபது ஆண்டுகளாகச் சாத்திக் கிடந்த கதவொன்றைத் திறந்தவர் அவர்.

ஆட்டமும் அதன் தடையும்

பேஸ்பால் அமெரிக்க மக்கள் பெரிதும் போற்றும் ஆட்டம். நம் நாட்டில் ஆடப்பெறும் கிரிக்கெட்டைப் போலவே இதிலும் ஒருவர் பந்தை எறிய, மற்றொருவர் மட்டையால் அடிப்பார். அணிக்கு ஒன்பது பேர். களத்தில் சாய்சதுர வடிவில் நான்கு தளங்கள் அமைந்திருக்கும். ஒரு தளத்திற்கும் அடுத்த தளத்திற்கும் இடையே 90 அடித் தொலைவு உண்டு. பந்தை அடித்தவர் மூன்று தளங்களையும் தொட்டுச் சுற்றித் தாம் புறப்பட்ட தாய்த்தளத்தை மீண்டும் அடைந்தால் ஓர் ஓட்டம் எடுத்தவராவார். பத்து முறை மட்டை பிடித்தால் மூன்று முறையேனும் பந்தை நன்கு அடித்துத் தளம் சேர்பவரே தேர்ந்த ஆட்டக்காரர் என மதிக்கப்படுவார். எதிரணியார் சற்றே அயர்ந்த நேரம் பார்த்து, பந்து அடிக்கப்படாதபோதே அடுத்த தளத்திற்கு ஓடிச் சேர்தலும் உண்டு. அதனைத் தளம் களவாடுதல் என்பர். மூன்றாம் தளத்தில் நிற்பவர், பந்தெறிபவர் கையை ஓங்கும் நொடியில் பாய்ந்து சென்று தாய்த்தளத்தையே களவாடுதல் மிக மிக அரிய செயல்.

இவ்வாட்டத்தில் மிக உயர்ந்த இரு போட்டி அமைப்புகள் நேஷனல் லீக், அமெரிக்கன் லீக் என்பன. 1880ஆம் ஆண்டுகளில் கறுப்பினத்தார் ஓரிருவர் பெரிய அணிகளில் இடம் பெற்றிருந்தனர். 1884ஆம் ஆண்டில் டொலிடோ நகர அணியில் ஆடிய மோசஸ் பிளீட்வுட் வாக்கர் அவர்களுள் ஒருவர். அதன்பின் அணித் தலைவர்களும் உரிமையாளர்களும் தமக்குள் ஒரு முடிவு செய்துகொண்டனர். கறுப்பினத்தாரை எந்த அணியிலும் சேர்ப்பதில்லை என்பதே அம்முடிவு. அது எந்த ஏட்டிலும் சட்டமாக எழுதப்படவில்லை. எழுதப்பட்டிருந்தால் அதனை எதிர்த்து வழக்காடலாம், திருத்தக் கோரலாம். எழுதாத சட்டத்தை எங்கே சென்று திருத்துவது? ஆதலின் கறுப்பின வீரர்கள் தமக்கெனத் தனி லீக்குகளை அமைத்துக்கொண்டு, குறைந்த ஊதியத்தில், ஊர் ஊராகச் சென்று ஆடி வந்தனர். அவர்களுள் பலர் வெள்ளை வீரர்க்குச் சற்றும் இளைத்தவரல்லர். எனினும் உலகம் அவர்தம் திறமையை அறியாமலே அவர்கள் முதுமை எய்தினர்.

பிறப்பும் இளமையும்

ஜாக்கி ராபின்சன் 1919ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 31ஆம் நாள் ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள கெய்ரோ என்னும் சிற்றூரில் பிறந்தார். உடன்பிறந்தோர் ஐவருள் அவரே கடைக்குட்டி. அவருடைய தாய்வழிப் பாட்டியார் அடிமையாகப் பிறந்தவர். தந்தையார் வெள்ளையர் ஒருவரின் பண்ணையில் வாரக்குடியாக உழுதவர். ஜாக்கி கைக்குழந்தையாய் இருந்தபோதே தந்தையார் குடும்பத்தைத் துறந்து போய்விட்டார். தாயார் மேலி ராபின்சன் மனம் தளர்ந்தாரல்லர். 1920ஆம் ஆண்டில் ஐந்து மக்களையும் அழைத்துக்கொண்டு, கண்டத்தின் மறுகோடியிலுள்ள கலிபோர்னியா மாநிலத்திற்குப் புகைவண்டி ஏறினார். அங்குப் பாசடீனா நகரில் வெள்ளையர் இல்லங்களில் துணி வெளுத்தும் வீட்டு வேலை செய்தும் மக்களை வளர்த்தார். சிறுகச் சிறுகச் சேர்த்து, வெள்ளையர் வாழ்ந்த தெருவொன்றில் ஒரு வீடும் வாங்கினார். அண்டை வீட்டார் அக்குடும்பத்தை வெளியேற்ற முயன்றனர். அத்தாயார் அஞ்சவும் இல்லை. அவர்களோடு பூசலிடவும் இல்லை. வீட்டை விட்டு அகலாமல் அங்கேயே வாழ்ந்து காட்டினார். அண்டை வீட்டார் எதிர்ப்பு நாளடைவில் தணிந்தது. மகன் பிற்காலத்தில் செய்ததை எல்லாம் எண்ணுங்கால், அப்பாடத்தின் முதல் ஆசிரியர் அவர் தாயாரே எனலாம்.

பாசடீனா நகரின் பொது நீச்சற்குளத்தில் வெள்ளையரல்லாதார் கிழமைக்கு ஒரு நாள் மட்டுமே இறங்கலாம். இத்தகைய சிறுமைகள் இளம் ஜாக்கியின் உள்ளத்தைச் சுட்டன. சிறுவர் கூட்டமொன்றோடு சேர்ந்து திரிந்து, சிறு குறும்புகள் செய்து, காவலரிடம் அகப்பட்டதும் உண்டு. அவ்வூரில் சமயப் பணி புரிந்த கார்ல் டவுன்ஸ் என்னும் இளைஞர் அவரை அன்பால் திருத்தி நல்வழிப்படுத்தினார்.

ஜாக்கியின் தமையன் மேக் ராபின்சன் பெரிய ஓட்டவீரர். 1936ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக் பந்தயத்தில், 200 மீட்டர் ஓட்டத்தில், புகழ்பெற்ற ஜெசி ஓவன்சுக்கு அடுத்ததாக வந்து வெள்ளிப் பதக்கம் பெற்றவர். ஆயின், ஊர் திரும்பிய அவ்வீரருக்குக் கிடைத்த வேலை தெருக்கூட்டுதலே. நாட்டிற்காக ஓடியபோது அணிந்த ஒலிம்பிக் சட்டையை அணிந்தே அவர் பாசடீனாத் தெருக்களைக் கூட்டினார். திறமை மட்டும் கதவைத் திறந்துவிடாது என்பதை ஜாக்கி தம் வீட்டிலேயே கண்டறிந்தார்.

கல்வியும் படைப்பணியும்

பாசடீனா இளநிலைக் கல்லூரியில் பயின்றபோது ஜாக்கி நீளந்தாண்டலில் 25 அடி 6½ அங்குலம் தாண்டித் தமையனாரின் பதிவையே முறியடித்தார். அதே நாளில் வேறோர் ஊருக்கு விரைந்து சென்று, கல்லூரி அணிக்காகப் பேஸ்பாலும் ஆடினார். பின்னர் லாஸ் ஏஞ்சல்சிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து கால்பந்து, கூடைப்பந்து, தடகளம், பேஸ்பால் ஆகிய நான்கிலும் பல்கலைக்கழகச் சிறப்புப் பெற்றார். அங்கு நான்கிலும் அச்சிறப்பை முதன்முதல் பெற்றவர் அவரே. வியப்பு யாதெனில், அந்நான்கனுள் அவர் மிகத் தாழ்ந்து நின்றது பேஸ்பாலிலேதான். அங்கு மட்டை பிடித்த பத்து முறையில் ஒரு முறைகூட அவர் நன்கு அடித்தாரல்லர். உலகம் அவரைப் பிற்காலத்தில் எதனால் அறிந்ததோ, அதில் அவர் முதலில் பின்தங்கியே இருந்தார்.

தாயார்க்கு உதவும்பொருட்டுப் பட்டம் பெறுமுன்னரே, 1941ஆம் ஆண்டில், கல்லூரியை விட்டு நீங்கினார். மறு ஆண்டு படையில் சேர்க்கப்பட்டார். 1943ஆம் ஆண்டில் இரண்டாம் லெப்டினன்ட் பதவி பெற்றார். 1944ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 6ஆம் நாள் டெக்சாஸ் மாநிலத்துப் படைமுகாமில் அவர் பேருந்தில் ஏறி அமர்ந்தார். பின்பக்கம் சென்று உட்காருமாறு ஓட்டுநர் ஆணையிட்டார். படைத்துறை வண்டிகளில் அத்தகைய பாகுபாடு அப்போது விலக்கப்பட்டிருந்தது. அதனை அறிந்த ராபின்சன் எழ மறுத்துவிட்டார். அதன் விளைவாகப் படைநீதிமன்றத்தில் குற்றவாளிக் கூண்டில் நின்றார். உசாவிய அதிகாரிகள் அவர் குற்றமற்றவர் எனத் தீர்ப்பளித்தனர். மாண்ட்கமரி நகரில் ரோசா பார்க்ஸ் அம்மையார் பேருந்தில் எழ மறுத்தது 1955ஆம் ஆண்டில். ராபின்சன் செயல் அதற்குப் பதினோராண்டு முற்பட்டது. அநீதிக்கு உடனுக்குடன் எதிர்நிற்பதே அவர் இயல்பு என்பதை இந்நிகழ்ச்சி காட்டும். அவ்வியல்பை நினைவிற் கொண்டால்தான் அவர் பின்னர் ஏற்ற நோன்பின் அருமை விளங்கும்.

ரிக்கியின் வேண்டுகோள்

படையினின்றும் நீங்கிய ராபின்சன் 1945ஆம் ஆண்டில் கான்சஸ் சிட்டி மோனார்க்ஸ் என்னும் கறுப்பின அணியில் ஆடினார். இரவெல்லாம் பேருந்துப் பயணம்; வழியிலுள்ள உணவகங்களில் இடமின்மை; தங்க விடுதியின்மை. இவற்றிடையே அவர் ஆட்டம் சிறந்து விளங்கியது. பிட்ஸ்பர்க் நகரக் கறுப்பினச் செய்தித்தாளின் எழுத்தாளர் வெண்டல் ஸ்மித் அவர் பெயரைப் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் தலைமை நிருவாகி பிராஞ்சு ரிக்கிக்குப் பரிந்துரைத்தார்.

ரிக்கி சமயப் பற்று மிக்கவர். வாணிக நுட்பமும் அறிந்தவர். இளமையில் கல்லூரி அணியொன்றின் பயிற்சியாளராக இருந்தபோது, தம் அணியிலிருந்த கறுப்பின மாணவர் ஒருவருக்கு விடுதியில் அறை மறுக்கப்பட்டதை அவர் கண்டார். அம்மாணவர் தம் கைகளைத் தேய்த்துத் தேய்த்து, தோலின் நிறம் போகாதா என்று அழுதார். அக்காட்சி தம் நெஞ்சை விட்டு அகலவில்லை என்று ரிக்கி பிற்காலத்தில் பன்முறை கூறியதுண்டு. எழுதாத சட்டத்தை உடைக்க அவர் உறுதி பூண்டார்.

1945ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 28ஆம் நாள் ராபின்சன் புரூக்ளினில் ரிக்கியின் அலுவலகத்தில் அமர்ந்திருந்தார். ரிக்கி விரைவில் ஒரு நாடகமே நடித்துக் காட்டத் தொடங்கினார். அறை தர மறுக்கும் விடுதிக்காரராக ஏசினார். வேண்டுமென்றே மோதும் எதிரணி வீரராகச் சீறினார். பார்வையாளர் கூச்சலிடும் இழிமொழிகளையெல்லாம் முகத்துக்கு நேரே கொட்டினார். எதிர்த்துப் போராட அஞ்சும் ஆட்டக்காரரையா தாங்கள் தேடுகிறீர்கள் என்று ராபின்சன் வினவினார். எதிர்த்தடிக்காமல் இருக்கும் துணிவுடையவரையே தாம் தேடுவதாக ரிக்கி விடையிறுத்தார்.

அவ்விடையின் கருத்து ஆழமானது. ராபின்சன் ஒருமுறை கை ஓங்கினாலும் போதும். கறுப்பினத்தார் நாகரிகமாக ஆடத் தெரியாதவர் என்று பகைவர் பறைசாற்றுவர். கதவு மீண்டும் பல்லாண்டு அடைபட்டுவிடும். அவர் ஒருவருடைய பொறுமை தவறினால் அவர் பின்னே காத்து நிற்கும் ஓர் இனத்தின் வாய்ப்பே தவறும். ராபின்சன் நெடுநேரம் சிந்தித்தார். பேருந்தில் எழ மறுத்த அதே மனிதர், தொடக்க ஆண்டுகளில் எத்தகைய இழிவு நேரினும் திருப்பி அடிப்பதில்லை என்று வாக்களித்தார்.

மான்ட்ரியாலில் ஓராண்டு

முதலில் அவர் கனடா நாட்டு மான்ட்ரியால் நகரிலுள்ள துணை அணியில் சேர்க்கப்பட்டார். 1946ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவர் ரேச்சல் ஐசம் என்னும் நங்கையை மணந்தார். செவிலியர் கல்வி கற்ற அவ்வம்மையார் கணவருடைய துன்பங்கள் அனைத்திலும் பங்கு கொண்டார். பயிற்சிக்காகப் புளோரிடா மாநிலம் சென்றபோது துன்பங்கள் வரிசையாக வந்தன. சான்போர்டு நகரிலிருந்து அவர்கள் விரட்டப்பட்டனர். ஜாக்சன்வில் நகரிலோ, கறுப்பர் ஆடுவதைத் தடுக்க ஆட்டக்களமே பூட்டப்பட்டிருந்தது.

ஏப்ரல் 18ஆம் நாள் ஜெர்சி சிட்டியில் முதற்போட்டி. ஐந்து முறை மட்டை பிடித்து நான்கு முறை நன்கு அடித்தார். அவற்றுள் ஒன்று பந்தை எல்லைக்கு அப்பால் செலுத்தி மூன்று ஓட்டங்களைத் தந்த ஹோம் ரன். இரு தளங்களைக் களவாடினார். நான்கு முறை தாய்த்தளம் சேர்ந்தார். அவ்வாண்டு முடிவில் அந்த லீக்கில் அடிப்பதில் முதலிடம் அவருடையதே. பத்து முறைக்கு ஒருமுறைகூட அடிக்க இயலாதிருந்த கல்லூரி மாணவர், இப்பொழுது ஆயிரத்துக்கு 349 என்னும் விழுக்காட்டில் அடித்தார். அமெரிக்க நகரங்களில் அவரை ஏசியோர் பலராயினும் மான்ட்ரியால் மக்கள் அவரைத் தம் மகனாகவே கருதினர். இறுதித் தொடரில் அணி வெற்றி பெற்றதும், மகிழ்ச்சியால் அவரைத் தூக்கிக் கொண்டாடத் தெருவில் துரத்தி ஓடினர்.

புரூக்ளினில் முதல் ஆண்டு

1947ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் ராபின்சன் 42 என்னும் எண் பொறித்த சட்டையணிந்து, புரூக்ளினின் எபெட்ஸ் களத்தில் முதல் தளக் காவலராக வந்து நின்றார். இருபதாம் நூற்றாண்டில் பெரிய லீக்கொன்றில் ஆடிய முதற் கறுப்பினத்தார் அவரே. அதற்கு முன்பே டாட்ஜர்ஸ் வீரர் சிலர் அவரோடு ஆட விரும்பவில்லை என்று விண்ணப்பம் ஒன்று ஆயத்தம் செய்தனர். மேலாளர் லியோ டுரோச்சர் அவர்களைக் கடிந்து அதனை அடக்கினார். தென்மாநிலமாகிய கென்டக்கியிற் பிறந்த பீ வீ ரீஸ் அவ்விண்ணப்பத்தில் கையெழுத்திட மறுத்துவிட்டார்.

ஒரு கிழமைக்குப் பின் பிலடெல்பியா அணி புரூக்ளினுக்கு வந்தது. அதன் மேலாளர் பென் சாப்மனும் அவர் வீரர்களும் ராபின்சனை நோக்கி, செவிகொடுத்துக் கேட்கவொண்ணாத இழிமொழிகளைச் சொரிந்தனர். ராபின்சனின் பொறுமை அன்று அறும் நிலைக்கு வந்தது. மட்டையை எறிந்துவிட்டு எதிரணியார் பக்கம் பாய்ந்து, ஒருவனையேனும் தம் கையால் அடித்து வீழ்த்திவிட்டு ஆட்டத்தையே துறந்துவிடலாமா என்று அவர் எண்ணியதுண்டு. ஆயினும் வாக்கை நினைந்தார். எட்டாம் சுற்றில் பந்தை அடித்து முதல் தளம் சேர்ந்தார். இரண்டாம் தளத்தைக் களவாடினார். எதிரணியார் பிழையால் மூன்றாம் தளமும் எய்தினார். அடுத்தவர் அடித்த அடியில் தாய்த்தளம் வந்தடைந்தார். அவ்வாட்டத்தில் எடுக்கப்பட்ட ஓட்டம் அது ஒன்றே. டாட்ஜர்ஸ் வென்றது. வாயால் கூறாத விடையை அவர் கால்களால் கூறினார். அத்தொடரில் உடன் ஆடிய எடி ஸ்டாங்கி, திருப்பிப் பேச இயலாத ஒருவரை ஏசுவது கோழைத்தனம் என எதிரணியாரை வெகுண்டுரைத்தார். அதுவரை ஒட்டாதிருந்த அணி அவர் பின்னே ஒன்றுபட்டது. பகைவர் சொரிந்த இழிமொழியே அவ்வொற்றுமைக்குக் காரணமாயிற்று.

கொலை மிரட்டல் கடிதங்கள் வந்தன. பந்தெறிபவர் சிலர் அவர் உடலைக் குறிபார்த்து எறிந்தனர். செயிண்ட் லூயிஸ் அணியினர் அவரோடு ஆட மறுத்து வேலைநிறுத்தம் செய்யப்போவதாகச் செய்தி பரவியது. அவ்வாறு செய்வோர் நீக்கப்படுவர் என்று நேஷனல் லீக் தலைவர் போர்டு பிரிக் உறுதியாக அறிவித்தார். இத்தனைக்கும் இடையே ராபின்சன் அவ்வாண்டு 151 ஆட்டங்கள் ஆடினார். 125 ஓட்டங்கள் எடுத்தார். 29 தளங்களைக் களவாடி லீக்கில் முதல்வரானார். அவ்வாண்டின் சிறந்த புதிய வீரர் என்னும் பரிசு அவருக்குக் கிடைத்தது. புரூக்ளின் களத்திற்கு அவ்வாண்டு வந்த மக்கள் 18 இலட்சத்திற்கும் மேற்பட்டவர்.

திறந்த கதவின் வழியே பிறரும் வரலாயினர். அதே ஆண்டு ஜூலையில் லாரி டோபி கிளீவ்லாந்து அணியில் சேர்ந்து, அமெரிக்கன் லீக்கின் முதற் கறுப்பின வீரரானார். ராய் கம்பனெல்லாவும் டான் நியூகோம்பும் அடுத்தடுத்துப் புரூக்ளினுக்கு வந்தனர். 1959ஆம் ஆண்டில் பாஸ்டன் அணியும் கறுப்பினத்தார் ஒருவரை ஆடவிட்டபோது, அத்தடை எல்லா அணிகளிலும் தகர்ந்துவிட்டது.

கட்டு நீங்கிய வீரர்

1949ஆம் ஆண்டில் ரிக்கி ராபின்சனைத் தம் வாக்கினின்றும் விடுவித்தார். அதன்பின் அவர் நடுவரின் தவறான தீர்ப்பை எதிர்த்துப் பேசினார். வசை மொழிந்தார்க்கு விடை கூறினார். பொறுமையுள்ளவர் என முன்பு புகழ்ந்தோர் சிலர் இப்போது அவரைச் சினமுடையவர் எனக் குறை கூறினர். ராபின்சன் அதனைப் பொருட்படுத்தவில்லை. அவர் முன்பு அடங்கியிருந்தது அச்சத்தால் அன்று, ஒரு நோக்கத்தால். அந்நோக்கம் நிறைவேறியபின் மற்ற வீரர் எவரையும் போல உரிமையோடு வாய்திறந்தார்.

அவ்வாண்டே அவர் ஆட்டம் உச்சத்தை எட்டியது. ஆயிரத்துக்கு 342 என்னும் விழுக்காட்டில் அடித்து லீக்கில் முதலிடம் பெற்றார். 37 தளங்களைக் களவாடினார்; தம் அடிகளால் 124 ஓட்டங்கள் வரச் செய்தார். நேஷனல் லீக்கின் மிகச் சிறந்த வீரர் என்னும் விருது அவரை அடைந்தது. 1949 முதல் 1954 வரை ஆறாண்டுகள் தொடர்ந்து தேர்ந்தெடுத்த வீரர் அணியில் இடம் பெற்றார். அவர் ஆடிய பத்தாண்டுகளில் டாட்ஜர்ஸ் ஆறு முறை நேஷனல் லீக் வாகை சூடியது.

ஆயினும் இரு லீக்குகளின் வெற்றியாளரும் மோதும் உலகத் தொடர் மட்டும் புரூக்ளினுக்கு எட்டாக் கனியாகவே இருந்தது. நியூயார்க் யாங்கீஸ் அணி அவர்களை மீண்டும் மீண்டும் தோற்கடித்தது. 1955ஆம் ஆண்டில் அவ்விரு அணிகளும் மறுபடியும் எதிர்நின்றன. ராபின்சனுக்கு அப்போது வயது 36. உடல் பருத்து, கால்விரைவும் குறைந்திருந்தது. முதல் ஆட்டத்தின் எட்டாம் சுற்றில் அவர் மூன்றாம் தளத்தில் நின்றார். பந்தெறிபவர் கை அசைத்த நொடியில் பாய்ந்தோடி, மண்ணில் சறுக்கி, தாய்த்தளத்தைக் களவாடினார். அங்குக் காத்து நின்ற யோகி பெரா, ராபின்சன் தளம் சேருமுன்னே தாம் அவரைத் தொட்டுவிட்டதாக வாழ்நாள் முழுதும் வாதிட்டார். நடுவர் தீர்ப்போ ராபின்சன் பக்கமே. அவ்வாட்டத்தில் டாட்ஜர்ஸ் தோற்றது. எனினும் ஏழாம் ஆட்டத்தில் தொடரை வென்று, புரூக்ளினுக்கு முதல் உலகத் தொடர் வெற்றியை ஈட்டியது. அவ்விறுதி ஆட்டத்தில் ராபின்சன் ஆடவில்லை. ஆயினும் அவ்வெற்றியில் அவர் பங்கை மறுப்பார் எவருமில்லை.

1956ஆம் ஆண்டோடு அவர் ஆட்டத்தினின்றும் ஓய்வு பெற்றார். டாட்ஜர்ஸ் அணிக்காக அவர் ஆடியவை 1382 ஆட்டங்கள்; 1518 முறை நன்கு அடித்துத் தளம் சேர்ந்தார்; ஹோம் ரன்கள் 137. தாய்த்தளத்தை மட்டும் 19 முறை களவாடினார். இருபத்தெட்டாம் வயதில்தான் அவருக்குப் பெரிய லீக் வாயில் திறந்தது என்பதை நினைந்தால், இழந்த ஆண்டுகளில் அவர் இன்னும் எத்துணை ஈட்டியிருப்பார் என்று எண்ணத் தோன்றும். 1962ஆம் ஆண்டில் கூப்பர்ஸ்டவுனிலுள்ள பேஸ்பால் புகழ்க்கூடத்தில் அவர் பெயர் பொறிக்கப்பட்டது. அப்பெருமை எய்திய முதற் கறுப்பினத்தாரும் அவரே.

பொதுத்தொண்டும் இறுதி நாள்களும்

ஓய்வுக்குப் பின் அவர் காப்பி விற்பனை நிறுவனம் ஒன்றின் துணைத்தலைவரானார். ஆயினும் தாம் மட்டும் உயர்வது அவருக்கு அமைதி தரவில்லை. மார்ட்டின் லூதர் கிங் நடத்திய உரிமைப் போராட்டத்திற்குத் துணை நின்றார். 1963ஆம் ஆண்டில் பர்மிங்காம் நகருக்குச் சென்று போராடுவோர்க்கு ஊக்கமளித்தார். தம் இல்லத் தோட்டத்தில் இசைவிழா நடத்திச் சிறைப்பட்டோரை மீட்கப் பொருள் திரட்டினார். வாஷிங்டன் பேரணியில் குடும்பத்தோடு கலந்துகொண்டார். கறுப்பின மக்கள் கடன் பெற வழியின்றி இடர்ப்படுவதைக் கண்டு, ஹார்லம் பகுதியில் 1964ஆம் ஆண்டில் வங்கி ஒன்றை நிறுவுவதில் முன்னின்றார்.

இறுதி ஆண்டுகள் துன்பம் நிறைந்தவை. நீரிழிவு நோய் உடலை அரித்தது, கண்ணொளி மங்கியது. 1971ஆம் ஆண்டில் மூத்த மகன் சாலை விபத்தில் உயிரிழந்தார். 1972ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள், அவர் முதன்முதல் ஆடிய 25ஆம் ஆண்டு நிறைவைக் கொண்டாட, சின்சினாட்டி நகர உலகத் தொடர் ஆட்டத்தில் அவருக்குச் சிறப்புச் செய்தனர். பல்லாயிரவர் கைதட்டினர். நரைத்த தலையோடு நின்ற அவர் நன்றி கூறியதோடு அமையவில்லை. அணியை நடத்தும் மேலாளர் இடத்தில் கறுப்பினத்தார் ஒருவரைக் காணும் நாளிலேயே தம் மகிழ்ச்சி நிறைவெய்தும் என்று அம்மேடையிலேயே எடுத்துரைத்தார். ஒன்பது நாள் கழித்து, அக்டோபர் 24ஆம் நாள், 53ஆம் வயதில் மாரடைப்பால் காலமானார். அவர் விரும்பிய நாள் 1975ஆம் ஆண்டில் வந்தது. கிளீவ்லாந்து அணியின் மேலாளராகப் பிராங்க் ராபின்சன் பொறுப்பேற்று ஆடிய முதல் நாளன்று, தொடக்கப் பந்தை எறிந்தவர் ரேச்சல் அம்மையாரே.

1997ஆம் ஆண்டில் 42 என்னும் எண் எல்லா அணிகளிலும் ஓய்வு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. ஓர் எண்ணை ஆட்டம் முழுவதும் ஓய்வுபெறச் செய்து சிறப்பித்தது அதுவே முதன்முறை. 2005ஆம் ஆண்டில் ராபின்சனும் ரீசும் தோளணைந்து நிற்கும் சிலை புரூக்ளினில் நிறுவப்பட்டது. 2009ஆம் ஆண்டு முதல், ஏப்ரல் 15ஆம் நாளன்று ஆடும் வீரர் அனைவரும் 42 என்னும் எண்ணையே அணிந்து ஆடும் வழக்கம் ஏற்பட்டது. ஒரு காலத்தில் அவ்வெண்ணை அணிந்தவர் ஒருவரே. அவரோடு களத்தில் நிற்கவும் பலர் நாணினர். இன்றோ அவ்வெண்ணை அணிவதைப் பெருமையாகக் கொள்ளாதார் இல்லை.

கை ஓங்க வல்லவன் கை ஓங்காதிருப்பதே பொறுமை. ஓங்க இயலாதவன் ஒதுங்கியிருப்பது பொறுமையாகாது. ராபின்சன் வல்லமையும் சினமும் ஒருங்கே உடையவராய் இருந்தும், தம் பின்வருவார் பொருட்டு அவற்றை அடக்கினார். அடக்க வேண்டிய காலம் கழிந்ததும், அநீதியைக் கண்டு வாய்மூடி இருந்தாரல்லர். எப்போது பொறுப்பது, எப்போது பேசுவது என்பதை அறிந்து ஒழுகிய அவர் வாழ்க்கை, இளைஞர் உள்ளத்தில் நின்று நிலவத் தக்கதாகும்.